மின்னேற்றம்

பெட்டியை வெட்டித் திறந்தேன்.
உள்ளே ஒரு சில்லு.
நடுவில் ரொட்டித்தட்டளவு மோட்டர்,
அதற்கு ஒற்றை வால்.
கையேடு நாலு மொழியில் இருந்தது.
நாலும் எனக்கு ஆகாத மொழிகள்.
படங்களை வாசித்தேன்.

ரெனன் மாடிவீட்டின் நிலவறையில்
எங்களுக்கென்று ஒரு கம்பிக்கூடு உண்டு.
அதற்குள் மூன்று இரவு.
ரயர் பழசு, ரியூப் பழசு, சில்லு மட்டும் புதிசு.
அச்சு கவட்டைக்குள் இறங்க மறுத்தது,
ஒரு மில்லிமீற்றருக்கு.
கீழ்வீட்டுத் துவார்த்தே அரம் கொண்டுவந்தார்,
தானே அராவித் தருவதாகச் சொல்லி.
அரத்தை வாங்கிக்கொண்டு
‘மெர்சி’ என்று கதவைச் சாத்தினேன்.

கிருபா படியில் நின்று பார்த்தார்.
“ஷோர்ட் ஆகினா எனக்குத்தான் கதை.
மீற்றர் என்ர பேரில.”

எல்லாம் பூட்டி முடிய
நாக்குப் போல ஒரு இரும்புத் துண்டு மிஞ்சியது.
அது எதற்கென்று நித்திரையில்தான் விளங்கியது:
அச்சு சுழன்று கவட்டையைப் பிளக்காமல் பிடிக்க.
எழும்பி இரவுச்சட்டையோடு கீழே போனேன்.

முதல்முறை விசையைத் தொட்டபோது
சில்லு பின்னோக்கிச் சுற்றியது.
அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக,
‘இன்றைக்கு வேலைக்குப் போகாதே’ என்பதுபோல.
பக்கம் மாறிப் பூட்டியிருக்கிறேன்.
திரும்பவும் கழற்று,
திரும்பவும் கிறீஸ், திரும்பவும் அந்த நாக்கு.

நாலரைக்கு வெதுப்பகத்தில் மா குழைக்க வேண்டும்.
முதல் மெட்ரோ எழும்ப அதற்குப் பிறகும் நேரமிருக்கும்.
லவுசானில் தூரம் என்று ஒன்று இல்லை,
ஏற்றம்தான்.
பதினொரு வருசம், நாளுக்கு ஒருமுறை
கல்மதிலடியில் இறங்கித் தள்ளியிருக்கிறேன்.
எந்தக் கல்லில் பாசி, எந்த இடுக்கில் ஆரோ செருகிய
பியர் மூடி, எல்லாம் தெரியும்.
மூச்சு வாங்குகிறவளுக்குக் கண் சும்மா இராது.

இப்போது ஏற்றம் இரண்டு.
ஒன்று இரவு முழுக்கச் சுவரிலிருந்து சொட்டும்.
மற்றது விடியமுன் என் முழங்காலுக்கு வரும்.
முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை அடைக்கிறேன்.

மிதித்தேன்.
காந்தவட்டு அரைச்சுற்றுக்கு யோசித்தது.
பிறகு முன்சில்லு
புல்லைக் கண்ட ஆடு மாதிரி
கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனது.
மதிலைக் காணவேயில்லை.
தாண்டி, மருந்துக்கடைப் பச்சைச் சிலுவையும் தாண்டி,
சலாஸில் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான்
அது பின்னால் போய்விட்டதென்று தெரிந்தது.
இருந்தபடியே வந்திருக்கிறேன்.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ந்திருந்தது.
அன்றைக்கு குவாசோன் நூற்றியிருபதும்
என் கையில் மிக நேராக உருண்டன.

தை மாதம், சுழியத்துக்குக் கீழே எட்டு.
வாசலில் நாலு கட்டம் காட்டியது.
பாலத்தில் இரண்டு.
மதிலடியில் அந்தச் சின்னத் திரை
கண்ணை மூடிக்கொண்டது.
சைக்கிள் முன்னையைவிட ஏழு கிலோ கூட.
நானும் கொஞ்சம் கூடத்தான்,
மூன்று மாதம் சும்மா ஏறியிருக்கிறேன் அல்லவா.
இறங்கினேன்.
தள்ளினேன், திட்டினேன்,
மோட்டர் செய்தவனை, தை மாதத்தை,
இந்த ஊரை மலையில் கட்டினவர்களை.
பாசி இருந்தது, மேலே உப்புத்தூள் போலப் பனி.
பியர் மூடி இல்லை.
‘இவ்வளவு நாளும் எங்கே’ என்று மதில் கேட்கவில்லை.
கல்தானே.
பிந்திய பதினெட்டு நிமிடத்துக்கு
முதலாளி மேலேயிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்,
என்னையல்ல.

அன்றிலிருந்து பற்றரி வீட்டுக்குள் படுக்கிறது,
சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில்.
தனக்குச் சிறுத்துப்போன கம்பளிச் சுவெற்றரின்
ஒரு கையை வெட்டி, அடியை மூடித் தைத்து
அதற்கு மாட்டிவிட்டிருக்கிறார் கிருபா.
தையல் கோணல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை,
அவரே சொன்னார்:
“மீற்றர் என்ர பேரிலதானே.”

மூன்று ஐம்பது.
கம்பளிக்குள் கைவிடுகிறேன்.
இளஞ்சூடு.